பப்ளிக் எனிமியின் முதல் ஆல்பத்தில் அரசியல் எங்கே?

கேள்வி இது: ‘அரசியல் ராப் என்றாலே பப்ளிக் எனிமிதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, ஆரம்பத்திலிருந்தே தொடங்கலாம் என்று 1987-இல் வந்த “யோ! பம் ரஷ் த ஷோ”வைப் போட்டுக் கேட்டேன். காரைப் பற்றி ஒரு பாட்டு, துப்பாக்கியைப் பற்றி ஒரு பாட்டு, மிச்சமெல்லாம் நான் பெரிய ஆள், நீ சின்ன ஆள் என்கிற பீற்றல். அரசியல் எங்கே? பேசாமல் இரண்டாவது ஆல்பத்துக்கே போய்விடட்டுமா?’

போய்விடலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது. உங்கள் காதும் சரியாகத்தான் வேலை செய்கிறது. இந்த ஆல்பத்தின் 12 டிராக்கையும் எழுதிவைத்துப் படித்தால் முக்கால்வாசி, அந்தக் கால நியூயார்க் ராப்பில் எல்லாரும் விட்ட அதே சவடால்தான். ஆனால் அதை வைத்து, முதல் ஆல்பத்தில் அரசியல் இல்லை, இரண்டாவதில் திடீரென்று ஞானோதயம் வந்தது என்று முடிவுகட்டினால் தப்பு. என் கணக்கு வேறு. அரசியல் அவர்களிடம் சின்ன வயதிலிருந்தே இருந்தது. அதைப் பாட்டாக்கும் வித்தைதான் இன்னும் கைக்கு வரவில்லை. அது எப்படி வந்தது என்றால், இந்த ஆல்பம் தாமதமாக வெளிவந்ததால் வந்தது. கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன்.

முதலில் ஊர். ஹிப்ஹாப் என்றதும் நியூயார்க்கின் பிராங்ஸ், எரிந்துபோன கட்டடங்கள், ரயில் பெட்டியெல்லாம் கிராஃபிட்டி என்று ஒரு படம் மனதில் ஓடும். இவர்கள் அங்கேயிருந்து வந்தவர்கள் இல்லை. நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் ரூஸ்வெல்ட், ஹெம்ப்ஸ்டெட், ஃப்ரீபோர்ட் என்று கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு வாங்கிக் குடியேறிய புறநகர்கள் இருக்கின்றன. தனித்தனி வீடு, முன்னால் புல்தரை, வாசலில் கார். இவர்கள் வர வர அங்கிருந்த வெள்ளையர்கள் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். குழுவின் முதன்மை ராப்பர் சக் டி, இயற்பெயர் கார்ல்டன் ரைடன்அவர், 1960-இல் பிறந்தவர், வளர்ந்தது ரூஸ்வெல்ட்டில். எடி மர்ஃபியும் அதே ஊர்க்காரர்தான், கூடைப்பந்து ஆடிய ஜூலியஸ் எர்விங்கும். ஆக, வறுமையின் குரல், சேரியின் குரல் என்றெல்லாம் இந்தக் குழுவைப் பற்றி யாராவது எழுதினால் அவர் ஆல்பத்தின் உறையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழக வளாகத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு கோடைக்கால வகுப்பு நடந்தது. கறுப்பின மாணவர்கள், ஆயுதம் ஏந்திக் கறுப்பின உரிமை பேசிய பிளாக் பாந்தர் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள், இஸ்லாமிய அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் எல்லாம் வந்து பாடம் எடுத்தார்கள். ஆப்பிரிக்க வரலாறு, அடிமை வணிகம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராத சங்கதிகள். பத்துப் பதினொரு வயதில் அங்கே போய் உட்கார்ந்தவர்களில் சக் டி ஒருவர், பின்னால் இந்தக் குழுவின் ஒலிக்குத் தலைமைச் சிற்பியான ஹாங்க் ஷாக்லீ ஒருவர், புரொஃபசர் கிரிஃப் ஒருவர். மைக்கைப் பிடிப்பதற்குப் பத்து வருஷம் முன்பே அரசியல் பாடம் முடிந்துவிட்டது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அப்புறம் ரேடியோ. ஹாங்க் தன் சகோதரர் கீத்தோடு சேர்ந்து ‘ஸ்பெக்ட்ரம் சிட்டி’ என்ற பெயரில் பார்ட்டிகளுக்கு ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் எடுத்துக்கொண்டு போய் டிஜே செய்துகொண்டிருந்தார். சக் டி அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் கிராஃபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்தவர். நோட்டீஸ் நன்றாக வரைவார், குரலும் இடி மாதிரி இருக்கும். இரண்டும் ஸ்பெக்ட்ரம் சிட்டிக்குத் தேவைப்பட்டன. அடெல்ஃபியில் டபிள்யூபிஏயூ என்று ஒரு மாணவர் வானொலி. அங்கே பில் ஸ்டெஃப்னி நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டார், சக் டியும் ஹாங்க்கும் வார இறுதியில் மிக்ஸ் நிகழ்ச்சி நடத்தினார்கள். அப்போது கடையில் வாங்கக் கிடைத்த ராப் தட்டுகளே கொஞ்சம், ஒரு மணி நேரத்தை நிரப்பப் போதாது. அதனால் உள்ளூர்ப் பையன்களை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு இவர்களே டேப் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். 1984-இல் ஸ்பெக்ட்ரம் சிட்டி என்ற பெயரிலேயே ஒரு சிங்கிள் வெளியிட்டுப் பார்த்தார்கள். ஊரைக் கலக்கவெல்லாம் இல்லை.

இப்படி ரேடியோவுக்காகச் செய்த டேப்புகளில் ஒன்றுதான் ‘பப்ளிக் எனிமி நம்பர் ஒன்’. உள்ளூர் ராப்பர்கள் சக் டியை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள், அதற்குப் பதிலடி, அவ்வளவுதான் அதன் பூர்வீகம். அரசாங்கத்துக்கு எதிரான அறிக்கை எல்லாம் கிடையாது. ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். 1930-இல் சிகாகோ குற்றத் தடுப்புக் கமிஷன் வெளியிட்ட ‘பப்ளிக் எனிமி’ பட்டியலில் முதல் பெயர் அல் கபோன். அங்கேயிருந்து வந்த சொல். நம் செய்தித்தாள் தமிழில் சொன்னால் ‘சமூக விரோதி’. கூட்டம் கூடினாலே போலீஸ் அறிக்கையில் ‘சமூக விரோதிகள் ஊடுருவினர்’ என்று வருமே, அதேதான். அடுத்தவன் நம்மைத் திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல்லை நாமே எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வது. பாட்டின் பெயரிலிருந்து குழுவின் பெயர் வந்தது, வந்த பிறகு அந்தச் சவடால் பாட்டுக்கே வேறு எடை ஏறிவிட்டது.

இந்த ஒரு டிராக்கை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்க் கேளுங்கள். ஃப்ரெட் வெஸ்லியும் ஜேபீஸும் 1974-இல் போட்ட ‘ப்ளோ யுவர் ஹெட்’ என்ற ஃபங்க் பாட்டின் தொடக்கத்தில் மூக் சிந்தசைசரில் ஒரு ரீங்காரம் வரும். மெட்டு என்று சொல்ல முடியாது. பெரிய வண்டு ஒன்று ட்யூப்லைட்டுக்குள் மாட்டிக்கொண்டு சுற்றுகிற மாதிரி, ஏறி இறங்கி, எங்கேயும் போய்ச் சேராத ஒரு சத்தம். வேறு யாராக இருந்தாலும் அதை இரண்டு விநாடி வைத்துவிட்டு, டிரம்ஸ் வரும் இடத்தை எடுத்து பீட் கட்டியிருப்பார்கள். இவர்கள் அந்த ரீங்காரத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கீழே டிரம்ஸ் மட்டும் வைத்து, அதற்கு மேலே சக் டியின் குரலை ஏற்றினார்கள். அஞ்சு நிமிஷத்துக்கு அந்த வண்டு நிற்காது. முதல் தடவை கேட்கும்போது ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்றுதான் நான் நினைத்தேன், ஒயரைக்கூட ஒரு தடவை பிடுங்கிச் சொருகினேன். எரிச்சலூட்டும் சத்தத்தை வைத்தும் பாட்டு கட்டலாம், கேட்கிறவனைச் சும்மா உட்காரவிடாமல் செய்வதே ஒரு நோக்கமாக இருக்கலாம் என்ற யோசனை இந்தக் குழுவுக்கு இங்கேதான் தொடங்குகிறது. பின்னால் உலகமே வியந்த ‘பாம் ஸ்குவாட்’ (ஹாங்க்கின் தயாரிப்புக் குழு) ஒலியின் விதை, ஒரு காலேஜ் ரேடியோ டேப்பில் கிடந்தது.

அந்த டேப் டெஃப் ஜாம் லேபிளை நடத்திக்கொண்டிருந்த ரிக் ரூபின் காதுக்குப் போனது. அவர் விடாமல் போன் செய்தார். சக் டிக்கு விருப்பமே இல்லை. இருபத்தைந்து வயதைத் தாண்டுகிறோம், பதினெட்டு வயதுப் பையன்கள் செய்கிற வேலை இது, நாம் திரைக்குப் பின்னால் இருந்து ஏதாவது செய்யலாம் என்று பார்த்தார். எல்எல் கூல் ஜே தன் முதல் ஆல்பத்தைப் போட்டபோது அவருக்கு 17 வயது, அதே லேபிள். ரூபின் கூப்பிட்டால் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவைத்தார் என்று ஒரு கதை உண்டு, அவரே பலமுறை சொன்னது. கடைசியில் பில் ஸ்டெஃப்னி டெஃப் ஜாமில் வேலைக்குச் சேர்ந்து, அவரும் சேர்ந்து நெருக்கிய பிறகுதான் சரி என்றார். சரி என்றபோதும் தனியாக வரவில்லை. ஒரு படையையே கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் படைதான் என் பதிலின் மையம்.

ஃப்ளேவர் ஃப்ளேவ், இயற்பெயர் வில்லியம் டிரேட்டன். லேபிளுக்கு அவர் எதற்கென்றே புரியவில்லை, இந்த ஆள் என்னதான் செய்வார் என்று கேட்டார்களாம். நமக்குப் புரியும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்வானோ அதையே செய்வார். ராஜா கம்பீரமாக வந்து நிற்கும்போது பக்கத்தில் நின்று கிண்டல் செய்கிறவன், ஜனங்களோடு ஜனமாகப் பேசுகிறவன், ஆனால் அவன் இல்லாவிட்டால் ராஜாவின் கம்பீரமே எடுபடாது. சக் டியின் குரல் பிரசங்கக் குரல், தனியாக நாற்பது நிமிஷம் கேட்டால் தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற மாதிரி ஆகிவிடும். இடையிடையே ஃப்ளேவ் கத்திக்கொண்டு உள்ளே வருவதால்தான் அது பாட்டாக இருக்கிறது. டர்ன்டேபிளுக்கு டெர்மினேட்டர் எக்ஸ், ஸ்க்ராட்ச் கை நல்ல கை, வாயைத் திறந்து பேசாத மனிதர். அவருக்காகவே இந்த ஆல்பத்தில் ஒரு டிராக் இருக்கிறது, அவர் கைகளால் பேசுகிறார் என்று தலைப்பே சொல்லும்.

அப்புறம் எஸ்1டபிள்யூ. ஸ்பெக்ட்ரம் சிட்டி பார்ட்டிகளில் அடிதடி வராமல் பார்த்துக்கொள்ள புரொஃபசர் கிரிஃப் ஒரு பாதுகாப்புக் குழு வைத்திருந்தார். அவர்களை அப்படியே மேடைக்குக் கூட்டி வந்தார்கள். ‘செக்யூரிட்டி ஆஃப் த ஃபர்ஸ்ட் வேர்ல்ட்’ என்று பெயர். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் மூன்றாம் உலகம் என்று எண் போட்டு வைத்திருந்த காலம் அது. மனிதன் முதலில் தோன்றிய இடத்தை மூன்றாவது என்பானேன், நாங்கள்தான் முதல் உலகம் என்று திருப்பிப் போட்டுவிட்டார்கள். தலையில் பெரே தொப்பி, ராணுவச் சீருடை, கையில் பிளாஸ்டிக் ஊஸி துப்பாக்கி, முகத்தில் ஈயாடாது, அணிவகுப்பு மாதிரி நடனம். பாட மாட்டார்கள், பேச மாட்டார்கள், நிற்பார்கள். 1987-இல் மேடையில் தங்கச் சங்கிலியும் அடிடாஸ் ஷூவும் பார்த்துப் பழகியிருந்த ரசிகனுக்கு இது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஆயுதம் தாங்கி வரிசையாக நின்ற கறுப்பின இளைஞர்களின் படம் கடைசியாகச் செய்தித்தாளில் வந்தது பாந்தர்கள் காலத்தில்.

முதல் ஆல்பத்தின் அரசியல் இங்கே இருக்கிறது: யார் நிற்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள், எந்தப் பெயரில் நிற்கிறார்கள். வரிகளில் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். உறையை எடுத்துப் பாருங்கள், கிளென் ஈ. ஃப்ரீட்மன் எடுத்த படம். நிலவறை மாதிரி ஓர் அறை, மங்கிய வெளிச்சம், ஒரு டர்ன்டேபிளைச் சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள். பாட்டுப் பாடப் போகிறவர்கள் மாதிரியே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ திட்டம் போடக் கூடியவர்கள் மாதிரி இருக்கிறார்கள், திட்டம் தீட்டும் வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. படத்தின் அடிப்பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப ஓடுகிறது: இதற்கு அரசாங்கம்தான் பொறுப்பு. எதற்குப் பொறுப்பு என்று சொல்லவில்லை. ஸ்ட்ரீமிங்கில் கட்டைவிரல் நகம் அளவுக்கு உறையைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வரி கண்ணில் படவே படாது.

அந்த லோகோவும் சக் டி போட்டதுதான், டிசைன் படிப்பு வீண்போகவில்லை. துப்பாக்கிக் குறிவட்டத்துக்குள் தொப்பி வைத்த ஒரு நிழலுரு. அது போலீஸ்காரன், அதாவது போலீஸைக் குறிபார்க்கிறார்கள் என்று ரொம்ப நாள் பலரும் நம்பினார்கள். இல்லை. எல்எல் கூல் ஜேயின் கூட்டாளி ஈ லவ்வின் படத்தை ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்து நிழலாக்கியது. குறிவட்டத்துக்குள் நிற்பவன் கறுப்பின இளைஞன். அர்த்தம் தலைகீழாக மாறிவிடுகிறது பாருங்கள்.

சரி, பாட்டுகளுக்கு வருவோம். நீங்கள் சொன்ன கார்ப் பாட்டு, முதல் டிராக், ஓல்ட்ஸ்மொபீல் 98 பற்றியது. நீளமான, கனமான, பெட்ரோலைக் குடிக்கிற அமெரிக்க வண்டி. லாங் ஐலண்டில் சப்வே கிடையாது, கார் இல்லாமல் பால் வாங்கப் போகவும் முடியாது, அங்கே கறுப்பின இளைஞன் பெரிய கார் ஓட்டினால் போலீஸ் ஓரங்கட்டச் சொல்லும். அதனால் அது வெறும் பந்தா மட்டும் இல்லை, ஆனால் பந்தாவும்தான். துப்பாக்கிப் பாட்டு, ‘மியூஸி வெய்ஸ் எ டன்’, அதாவது என் ஊஸி ஒரு டன் எடை. ஒரு டன் எடையுள்ள ஊஸி எங்கேயும் கிடையாது. அவர் தூக்கிக்கொண்டு அலைவது தன் மூளையை, தன் சொல்லை. இதைக் கேட்டுவிட்டு உண்மையான துப்பாக்கி என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, அந்த அளவுக்கு உருவகத்தை மூடி வைத்தது சாமர்த்தியமா, தவறா என்று எனக்கு இன்றைக்கும் இரண்டு மனசுதான்.

‘டைம்பாம்’ இந்த ஆல்பத்தின் உச்சம் என்பேன். மீட்டர்ஸ் குழுவின் ஒரு ஃபங்க் துண்டு சோம்பேறித்தனமாக ஓடிக்கொண்டிருக்கும், மேலே சக் டி மூச்சே விடாமல் போவார், பல்லவி என்று ஒன்று கிடையாது. தற்பெருமைக்கு நடுவே போகிறபோக்கில் தென்னாப்பிரிக்க அரசாங்கத்தைத் தகர்ப்பவன் நான் என்கிறார், பாந்தர் பலம் என்கிறார், அடுத்த வரியில் மறுபடி தற்பெருமை. நீங்கள் கேட்ட அரசியல் இதோ, ஆனால் குழம்பில் மிதக்கும் கறிவேப்பிலை மாதிரி. ‘ரைட்ஸ்டார்ட்டர்’ ஒன்றுதான் தலைப்பிலேயே தன்னை அறிவித்துக்கொள்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் ‘மெசேஜ் டு எ பிளாக் மேன்’ என்பது நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பின் தலைவர் எலைஜா முஹம்மது 1965-இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரை நினைவுபடுத்துவது. ‘மெகாபிளாஸ்ட்’ கிராக் போதையைப் பற்றியது, ஃப்ளேவும் சேர்ந்துகொண்டு ஆடும் பாட்டு, நல்ல எண்ணம், சுமாரான பாட்டு.

ஒரு பாட்டை நான் இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன். பணத்துக்கும் அந்தஸ்துக்கும் அலையும் ஒரு பெண்ணைக் கேவலமாகத் திட்டும் பாட்டு அது, தலைப்பிலேயே வசவு இருக்கிறது. வெர்னான் ரீட், அடுத்த வருஷம் லிவிங் கலர் குழுவோடு பெரிய ஆளானவர், அதில் கிட்டாரைக் கிழித்திருப்பார். கிட்டாருக்காக வேண்டுமானால் ஒருமுறை கேட்கலாம். கறுப்பினத்தின் மானம் என்று பேசுகிற ஆல்பத்தில் பாதி இனத்தைத் தெருவில் நிறுத்தித் திட்டுகிற பாட்டு எப்படி இடம் பிடித்தது என்பதற்கு, ‘அந்தக் காலம் அப்படி’ என்ற பதில் எனக்குப் போதவில்லை.

இப்போது தாமதத்துக்கு வருகிறேன். ஆல்பம் பதிவானது 1986-இல். டெஃப் ஜாமின் தட்டுகளை கடைக்கு அனுப்பியது கொலம்பியா. 1986 நவம்பரில் பீஸ்டி பாய்ஸின் முதல் ஆல்பம் வந்து விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது, அதே மாதம் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் அஞ்சு தட்டு நேரலைத் தொகுப்பு வேறு. பெரிய லாரிகள் போகும்வரை சின்ன வண்டி ஓரமாக நிற்க வேண்டியதுதான். பப்ளிக் எனிமி 1987 தொடக்கத்தில்தான் வெளிவந்தது. இன்றைக்கு ஆறு மாதம் என்பது ஒன்றுமில்லை. அன்றைக்கு ராப்பில் ஆறு மாதம் ஒரு யுகம். டிரம் மெஷினைத் தனியாக விட்டு அடித்து, இடையிலே வெற்றிடம் விட்டு, மேலே கத்துகிற ரன்-டிஎம்சி பாணி முடிந்துகொண்டிருந்தது. அதே 1987-இல் எரிக் பி., ரக்கீம் ஜோடியின் ‘ஐ நோ யூ காட் சோல்’ வந்தது. பாபி பேர்டின் பழைய பாட்டிலிருந்து வெட்டிய துடிப்பான பீட், அதன்மேல் ரக்கீம் குரலை உயர்த்தாமலே ஒரு வரியின் நடுவில் எதுகை, அடுத்த வரியின் நடுவில் எதுகை என்று வழுக்கிக்கொண்டு போவார். சக் டியும் ஹாங்க்கும் அதைக் கேட்டுவிட்டு ஆடிப்போனார்கள். தங்கள் ஆல்பம் இப்போதுதான் கடைக்கு வந்திருக்கிறது, வந்த அன்றே பழசாகிவிட்டது.

இந்த அவமானத்தில் பிறந்ததுதான் ‘ரெபெல் விதவுட் எ பாஸ்’. ஆல்பத்தில் இல்லை, கார்ப் பாட்டை சிங்கிளாக வெளியிட்டபோது அதன் பி-சைடாகப் போட்டார்கள். ஜேபீஸ் குழுவின் ‘த க்ரன்ட்’ பாட்டிலிருந்து சாக்ஸபோன் கிறீச்சிடும் ஒரு துண்டை எடுத்து, பாட்டு முழுக்க, குக்கர் விசில் நிற்காமல் அடிக்கிற மாதிரி ஓடவிட்டார்கள். கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரவேண்டும்? அந்த மூக் வண்டு. அதே யோசனைதான், வேகம் மட்டும் கூடிவிட்டது, கூடவே ஜேம்ஸ் பிரவுன் டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. வேகம் கூடியதும் சக் டிக்கு ஒரு வரிக்குள் அடைக்கும் விஷயமும் கூடியது, சவடாலுக்கு நடுவே கறிவேப்பிலையாகக் கிடந்த அரசியல் குழம்பாகவே ஆகிவிட்டது. ரசிகர்கள் சிங்கிளைத் திருப்பிப் போட்டு இந்தப் பக்கத்தைத்தான் தேய்த்தார்கள். ஆல்பம் நேரத்துக்கு வந்து சுமாராக ஓடியிருந்தால் இவர்கள் இதே பாணியில் இன்னொரு ஆல்பம் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். தப்பாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் அந்த ஆல்பம் பில்போர்டின் முதல் நூறுக்குள்ளேயே வரவில்லை. ராப் வானொலியும் கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்தில் கதை வேறு: என்எம்ஈ பத்திரிகை 1987-இன் சிறந்த ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. சீருடை, அணிவகுப்பு, கோபம் எல்லாம் பங்க் ராக் பார்த்து வளர்ந்த அந்த ரசிகர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது என்று நினைக்கிறேன். அந்த வருஷக் கடைசியில் டெஃப் ஜாம் குழுக்கள் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் பாடியபோது பதிவான கூட்டத்தின் இரைச்சல்தான், நீங்கள் நேராகப் போகலாமா என்று கேட்ட அந்த இரண்டாவது ஆல்பம், 1988-இல் வந்த ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’, தொடங்கும்போது கேட்பது.

வெளியே ஊர் எப்படி இருந்தது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 1984-இல் ப்ராங்ஸில் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யவைக்கப் போன போலீஸ், எலனோர் பம்ப்பர்ஸ் என்ற வயதான பெண்மணியைச் சுட்டுக் கொன்றது. அதே வருஷம் டிசம்பரில் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற வெள்ளையர் சப்வேயில் நான்கு கறுப்பினப் பையன்களைச் சுட்டார், நகரத்தில் பாதிப்பேர் அவருக்குக் கைதட்டினார்கள். 1986 டிசம்பரில் குயின்ஸின் ஹோவர்ட் பீச்சில் வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று விரட்டியடித்ததில் மைக்கேல் கிரிஃபித் நெடுஞ்சாலைக்கு ஓடி, கார் மோதிச் செத்தார். அதற்குச் சில வாரங்களில் கடைக்கு வந்த ஆல்பம் இது. ‘அரசாங்கம்தான் பொறுப்பு’ என்ற பொடி எழுத்தை அப்போது வாங்கியவர்கள் எதை நினைத்துப் படித்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. எதற்குப் பொறுப்பு என்று எழுதாமல் விட்டது அப்படி ஒன்றும் மோசமில்லை.

இவர்களைச் சாமி ஆக்கவும் வேண்டாம். 1989-இல் புரொஃபசர் கிரிஃப் ஒரு பத்திரிகைப் பேட்டியில் யூதர்களைப் பற்றி அருவருப்பாகப் பேசி, குழு கிட்டத்தட்ட உடைந்தது. சக் டி அதைக் கையாண்ட விதமும் குழப்பம்தான், விலக்கினார், சேர்த்தார், மறுபடி விலக்கினார். சீருடையும் அணிவகுப்பும் கட்டுப்பாட்டைக் காட்டும், உள்ளே இருக்கிறவன் என்ன யோசிக்கிறான் என்பதைக் காட்டாது. முதல் ஆல்பத்தின் உறையைப் பார்க்கும்போது இதுவும் எனக்கு ஞாபகம் வரும்.

ஆகவே என் யோசனை, முதல் ஆல்பத்தை முதல் டிராக்கிலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள். ‘பப்ளிக் எனிமி நம்பர் ஒன்’னில் தொடங்குங்கள், வண்டு உங்களை எரிச்சல்படுத்தும்வரை கேளுங்கள். அடுத்து ‘டைம்பாம்’, அடுத்து ‘மியூஸி’, பிறகு தலைப்புப் பாட்டு. ‘பம் ரஷ்’ என்றால் வாசல் காவலாளியைத் தள்ளிவிட்டு டிக்கெட் இல்லாமலே கும்பலாக உள்ளே புகுவது, நாற்பது வருஷம் ஆகப்போகும் அந்தத் தலைப்பு இன்னும் எனக்குப் பிடிக்கிறது. இவ்வளவும் ஆன பிறகு அந்த பி-சைடு. இரண்டாவது ஆல்பத்திலும் அது இருக்கிறது, ஆனால் அங்கே பத்தோடு பதினொன்றாகக் கேட்பதற்கும் இங்கே ‘மியூஸி’ முடிந்த கையோடு கேட்பதற்கும் நிறைய வித்தியாசம், ஒரே ஆட்கள் ஒரே வருஷத்துக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிடாதீர்கள், பேஸ் வராது, பேஸ் வராவிட்டால் மிச்சமிருப்பது வண்டு மட்டும்தான்.